ஒரு சொட்டு மிச்சம் வைக்கல

எங்கள் சபையில் யார் எழுந்து சாட்சி சொன்னாலும், மதியச் சாப்பாட்டுக்குள் அது என் வாயில் வந்து உட்கார்ந்துவிடும். தொலைந்த எருமையை ஜெபம் பண்ணித் திரும்பப் பெற்ற மங்கலம்பேட்டை அத்தையின் அழுகை, நடுவில் அவர் மூக்கை உறிஞ்சும் இடம் உட்பட, எனக்கு மனப்பாடம். ஏழாம் வாய்ப்பாட்டுக்கு இடமில்லாத மண்டையில் இதற்கெல்லாம் எப்படி இடம் கிடைத்தது என்று கேட்டால், படைத்தவரைத்தான் கேட்கவேண்டும்.

வாய் கோணிப்போன ஊறுகாய் ஜாடி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டால் அது பிரசங்க மேடை. தங்கைதான் சபை. எழுபதுகளின் தொடக்கத்தில் விருத்தாசலத்துப் பீங்கான் வேலைக்காரர் வீடுகளில் கோணலில்லாத சாமான் கிடையாது. சூளையில் நெளிந்தது, விரிசல் கண்டது, பிடி ஒட்டாதது எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்துசேரும். நானும் அப்படிக் கழித்துப் போட்டதில் வந்ததுதான் என்பது மாமாவின் கணிப்பு.

அப்பாவுக்குப் பேக்டரியில் கல் அரைக்கும் இடத்தில் வேலை. சாயங்காலம் வீடு திரும்பும்போது தலைமுதல் கால்வரை வெள்ளையாக, பவுடரில் விழுந்து எழுந்த மாப்பிள்ளை மாதிரி இருப்பார். ஒரு காலத்தில் பெரிய குடிகாரராம். எத்தனையோ பேர் சொல்லியும் போகாத குடி, கீற்றுக் கொட்டகை சபையில் ஒருநாள் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணியதோடு போய்விட்டது. அன்றைக்குத் தன் உடம்பை அவர் கர்த்தரிடம் ஒப்படைத்துவிட்டார். அதற்குப் பிறகு மாத்திரை, ஊசி, கஷாயம் எதுவும் கிடையாது.

ஆனால் பக்கத்து வீட்டுப் பெண்ணைத் தேள் கொட்டியபோது சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்கு மிதித்தவர் அவர்தான். "உங்களுக்கு மட்டும் மருந்து ஆவாதா?" என்று அந்த வீட்டுக்காரர் கேட்டார்.

"அது எனக்கும் அவருக்கும் உள்ள பேச்சுங்க. ஒங்க புள்ளைய அதுல இழுக்க முடியுமா?"

பேச்சு விஷயத்தில் அப்பா அப்படி. கை தவறிக் கிண்ணம் விழுந்தால் நாங்களெல்லாம் "உடைஞ்சிடுச்சு" என்போம். அவர் "உடைச்சிட்டேன்" என்பார். கிண்ணம் தானாக உடைந்தது என்று சொல்வதுகூட அவருக்குப் பொய். நான் உடைத்ததற்கும் அதே இலக்கணத்தை என்மேல் நடத்துவார். முதுகில் நடத்துவார்.

அந்த வருஷம் அவருக்கு இருமல் வந்தது. கல் தூள் என்றார்கள். கைத்துண்டில் சிவப்பு தெரிந்ததும் பேக்டரியில் பிடித்து எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார்கள். காசநோய். ஆஸ்பத்திரியில் காசு வாங்காமல் கொடுத்த மாத்திரையை, "வேணாங்க" என்று நர்ஸம்மா கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அம்மா சண்டை போடவில்லை. "இன்னாங்க, அந்த மாத்திரையும் அவரு குடுத்ததா இருக்கக்கூடாதா?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியல புள்ள. கேக்குறேன்."

சில நாள் கழித்து அம்மா, "கேட்டீங்களா?" என்றாள்.

"கேட்டேன். இன்னும் பதில் வரல."

அம்மாவால் காத்திருக்க முடியவில்லை. தானே ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கிவந்தாள். உடைந்த பீங்கான் ஃபியூஸ் கட்டையால் மாத்திரையை நசுக்கி, பிடியில்லாத அப்பாவின் கோப்பையில் போட்டு, மேலே காபியை ஊற்றியதை நான் பார்த்துவிட்டேன்.

"வாயத் தொறந்த, நாக்க அறுத்துடுவேன்" என்றாள். ஊரிலேயே பெரிய வாய்க்கு ஊரிலேயே பெரிய ரகசியம் கிடைத்தது. சோறு உள்ளே போகவும் பயந்து பயந்துதான் திறந்தேன்.

முதல் வாயிலேயே அப்பாவின் முகம் கோணியது. "காபி இன்னா ஒரு மாதிரி கசக்குது?"

"பாலு கெட்டிருக்கும்" என்றாள் அம்மா.

அப்பா கோப்பையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அப்புறம் முழுவதும் குடித்தார். அடியில் வெள்ளையாகத் தங்கியிருந்ததில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, சுழற்றி, அதையும் குடித்தார். தினமும் அப்படித்தான். நான் அதைக் கஞ்சத்தனம் என்று எடுத்துக்கொண்டு, காலி டம்ளரைச் சுழற்றிக் காட்டித் தங்கையைச் சிரிக்கவைத்தேன்.

இருமல் குறைந்தது. கன்னத்தில் சதை வைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா சாட்சி சொல்ல எழுந்தார்.

"கர்த்தரு எனக்கு சொகம் குடுத்தாரு. எங்கியோ தூரத்துல இருந்து குடுக்கல. என் வூட்டுக்குள்ள இருந்தே குடுத்தாரு. கசப்பாத்தான் குடுத்தாரு. நான் ஒரு சொட்டு மிச்சம் வைக்கல. ஸ்தோத்திரம்."

அவ்வளவுதான். பாஸ்டருக்கு அது போதவில்லை. எழுந்து, "கேட்டீங்களா! ஒரு மாத்திர இல்லாம! ஒரு ஊசி இல்லாம!" என்று முழங்கினார். அப்பா மறுபடி பாதி எழுந்து கையைத் தூக்கினார். என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கஞ்சிராவும் அல்லேலூயாவும் கொட்டகையைத் தூக்கிக்கொண்டு போயின. தூக்கிய கையைக் கீழே போட்டு உட்கார்ந்தார். பெண்கள் பக்கத்தில் எல்லோரும் கைதட்ட, அம்மா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஜாடிமேல் ஏறினேன். அப்பாவின் சாட்சியில் பாதிகூடப் போகவில்லை. "எறங்குடா!" என்று அம்மா கத்திய கத்தலில் சபை அழுதது. பிறகு அடுப்படியில் அவள் தனியாக முனகியது கேட்டது. "அந்த மனுஷனப் பொய்ச் சாட்சி சொல்ல வச்சிட்டேனே, ஆண்டவரே."

அன்றே மீதி மாத்திரைகள் அடுப்புக்குள் போயின. வாயைக் கட்டவேண்டிய அவசியம் தீர்ந்ததென்று எனக்குச் சந்தோஷம்.

மறுநாள் அப்பா காபியை ஒரு வாய் குடித்து நிறுத்தினார். அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

"காபி நல்லா இருக்குது" என்றார் அப்பா.

"நல்ல பாலு" என்றாள் அம்மா.

நல்ல காபியை அப்படி ஒரு குரலில் பாராட்டியவரை நான் அதற்கப்புறம் கண்டதில்லை. அடியில் ஒன்றும் இல்லாத கோப்பையில் தண்ணீர் ஊற்றிச் சுழற்றிக் குடித்துவிட்டு வேலைக்குப் போனார். இரண்டு பேரும் அதைப்பற்றி அப்புறம் பேசவேயில்லை. ஆளுக்கொரு மூலையில் முழங்கால் போட்டு, கர்த்தரிடம் மட்டும் பேசினார்கள்.

மழைக்காலத்தில் இருமல் திரும்பி வந்தது. இந்தத் தடவை காபி கசக்கவில்லை. பொங்கலுக்கு முன்பே அப்பாவை அடக்கம் பண்ணிவிட்டோம். கர்த்தர் சுகம் கொடுத்த மனிதரை அவர் ஏன் எடுத்துக்கொண்டார் என்பதற்கு பாஸ்டர் நீளமாக ஏதோ சொன்னார். அது மட்டும் என் மண்டையில் நிற்கவில்லை.

வந்தவர்களெல்லாம் போனபின், ஒரு மத்தியானம் தங்கை கேட்டாள். "அப்பா மாதிரி பேசிக் காட்டு."

ஜாடிமேல் ஏறினேன். வேட்டியைச் சரிசெய்வதுபோலச் செய்துகொண்டு, அதே குரலில், எழுத்துப் பிசகாமல் சொன்னேன். என் வூட்டுக்குள்ள இருந்தே குடுத்தாரு. கசப்பாத்தான் குடுத்தாரு. நான் ஒரு சொட்டு மிச்சம் வைக்கல.

அடுப்படியில் பாத்திரம் ஒன்று விழுந்தது. அம்மா வாசற்படிக்கு வந்து நின்றாள். அடி விழப்போகிறது என்று முதுகை ஒளித்துக்கொண்டேன்.

"கசப்பாத்தான்னா சொன்னாரு? எனக்கு அந்த பாஸ்டரு போட்ட சத்தம்தான் ஞாபகம் இருக்குது."

"ஆமாம்மா."

"மறுபடி சொல்லு."

சொன்னேன். டம்ளரைச் சுழற்றிக் குடிப்பதையும் சேர்த்தேன். அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னொருவாட்டி சொல்றா."

எத்தனை முறை சொன்னேனோ. அதுவரை என் வித்தைக்கு அம்மாவிடம் அப்படியொரு வரவேற்பு கிடைத்ததில்லை. ஆனாலும் அவள் சிரிக்கவில்லை. குரலில்தான் ஏதோ குறை இருக்கிறது என்று நினைத்து, அடுத்த தடவை அப்பாவின் இருமலையும் சேர்த்துச் சொன்னேன்.