எட்டு மணிக் கணக்கும் பள்ளுருத்திச் சேறும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு அல்லது அறுபத்துமூன்றாக இருக்கும். சேலம் பக்கத்திலிருந்து வந்து எர்ணாகுளத்தில் ஒரு கல்லூரியில் கணித விரிவுரையாளராக நான் சேர்ந்திருந்த புதிது. தங்கியது மட்டாஞ்சேரியில், மாமா வீட்டில். கடைத்தெருவில் அவருக்குச் சுக்கு, மிளகு மொத்த வியாபாரம். தினமும் காலை எட்டு மணிப் படகில் கல்லூரிக்குப் போவேன். மாலையில் பள்ளுருத்தியில் ஒரு வீட்டில் டியூஷன் இருந்ததால் பாலம் வழியாக பஸ்ஸில் திரும்பிவிடுவேன். ஆக, படகுத்துறைப் பக்கம் நான் போவது காலையில் மட்டும்தான். என் மானம் போனதே இதனால்தான்.

அந்த வயதில் எனக்குக் கணக்குப் பைத்தியம். படகுக்குக் காத்திருக்கும்போது, துறையின் கல்படிகளில் எத்தனை தண்ணீருக்கு மேல் தெரிகின்றன என்று எண்ணி நோட்டில் எழுத ஆரம்பித்தேன். ஒரு நாள் ஆறு படி தெரியும். ஒரு வாரம் போனால் இரண்டே படி. ஞாயிற்றுக்கிழமை நான் தூங்குகிற நாள் என்பதால், அன்றைய எண்ணைச் சனியையும் திங்களையும் வைத்து நானே நிரப்பிக்கொள்வேன்.

மூன்று மாதம் கழித்து அந்த எண்களைக் கிராஃப் தாளில் புள்ளி வைத்துப் பார்த்தால், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல ஓர் அலை! சுமார் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்கியது. எப்படிப்பட்ட நெளிவையும் பல எளிய அலைகளின் கூட்டலாகப் பிரித்துவிடலாம் என்பது ஃபூரியர் தொடரின் சாரம். வகுப்பில் அதைத்தான் அப்போது நடத்திக்கொண்டிருந்தேன். நானும் இரவு பகலாக ஸைன், கோஸைன் என்று பெருக்கிக் கூட்டி, மட்டாஞ்சேரிக் காயலையே ஒரு சூத்திரத்துக்குள் அடைத்துவிட்டேன். அடுத்த வாரம் எந்த நாளில் எத்தனை படி தெரியும் என்று சொல்வேன், அப்படியே இருக்கும். தலைகால் புரியவில்லை எனக்கு.

கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இறங்கும் என்று நானும் படித்தவன்தான். ஆனால் அது திறந்த கடலுக்கு, கரைக்குள் அடைந்து கிடக்கும் காயல் தண்ணீர் சோம்பேறி, மெதுவாகத்தான் நகரும் என்று நானே ஒரு சித்தாந்தம் உண்டாக்கி வைத்திருந்தேன். அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். கேட்டால்தானே!

இந்தச் சமயத்தில் எனக்குப் பெண் பார்க்க ஏற்பாடாயிற்று. பள்ளுருத்திக்கு உள்ளே, ஒரு தோட்டின் கரையில் வீடு. தோடு என்றால் அங்கே சிறு கால்வாய். பல தலைமுறையாகக் கொச்சியில் இருக்கும் தமிழ்க் குடும்பம். பெண் அங்கே ஒரு ஆரம்பப் பள்ளியில் டீச்சர். புகைப்படத்தைப் பார்த்தபோதே எனக்குப் பிடித்துப் போய்விட்டது. நல்ல இடம், கைவிட்டுவிடக் கூடாது என்று மாமாவும் மூன்று மாதமாக அலைந்து ஏற்பாடு செய்திருந்தார்.

பஸ்ஸில் வந்து இறங்கி ஒரு மைல் நடக்கச் சொல்லியிருந்தார்கள் பெண் வீட்டார். அத்தைக்குக் குதிகால் வலி. அதனால் வள்ளம் என்கிற சிறு படகில் போகலாம் என்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை எமகண்டம் ஒன்றரைக்கு முடிகிறது, ராகு காலம் நாலரைக்கு ஆரம்பம், நடுவில் போய் இறங்கிவிட வேண்டும் என்றார் மாமா. வள்ளக்காரர் என் வயதுக்காரர். நேரத்தைக் கேட்டதும் தலையை ஆட்டினார்.

"உச்ச கழிஞ்ஞால் தோட்டில் வெள்ளம் காணில்ல, சாரே. ராவிலே போகாம்."

மத்தியானத்துக்கு மேல் தோட்டில் தண்ணீர் இருக்காது, காலையிலேயே போய்விடலாம் என்கிறார். மாமா தயங்கினார். நான் நோட்டை விரித்து, அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அலையின் உச்சி என்று காட்டினேன். "இரண்டு படிதான் மாமா தெரியும். அவ்வளவு தண்ணீர். கப்பலே போகலாம்." மாமா என் நோட்டைப் பார்த்தார், வள்ளக்காரரைப் பார்த்தார், படித்தவன் பக்கம் சாய்ந்துவிட்டார்.

அன்று ஒன்றேமுக்காலுக்குத் துறைக்கு வந்தால், ஆறு படி தெரிகிறது! என் நோட்டைத் திறந்து பார்த்தேன், இரண்டுதான். காற்று தண்ணீரைத் தள்ளியிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். வள்ளக்காரர் சிரித்ததாக ஞாபகம்.

தோட்டுக்குள் திரும்பி, பெண் வீடு கண்ணுக்குத் தெரிந்ததும் அடியில் ‘சர்ர்’ என்று ஒரு சத்தம். வள்ளம் நின்றுவிட்டது. கழியை ஊன்றினால் கழி உள்ளே போகிறது, வள்ளம் போகவில்லை. சுற்றிலும் கறுப்புச் சேறு. நண்டுகள் வெளியே வந்து எங்களை வேடிக்கை பார்த்தன. "இறங்கி நடந்துடலாம்" என்று வீரமாக ஒரு காலை வைத்தேன். முழங்கால்வரை போய்விட்டது. மாமா அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். நான் வந்தேன், செருப்பு வரவில்லை. புது வேட்டியின் கரை எந்த நிறம் என்று அதற்குப் பிறகு யாருக்கும் தெரிய நியாயமில்லை.

இதற்குள் கரையில் பாதித் தெரு கூடிவிட்டது. பெண்ணின் அப்பா தலையில் கைவைத்துக்கொண்டு கத்தினார். "ஐயோ, ஈ நேரத்துல ஆராவது தோட்டுக்குள்ள வள்ளம் கொண்டு வருவாங்களா?"

"எங்க மாப்பிள்ளை கணக்குப் போட்டார்!" என்று மாமா பதிலுக்குக் கத்தினார். அந்தக் குரலை நான் இன்னும் மறக்கவில்லை.

வள்ளக்காரர் மட்டும் தொடைவரை சேற்றில் நடந்து போய், பெண் வீட்டிலிருந்து பழம்பொரியும் சாயாவும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தார். பெண் பார்க்கப் போன இடத்தில் பலகார உபசாரம் பாதி வழியில் நடந்தது. அத்தை ஒருவர்தான் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

கரையில் இருந்தவர்களுக்குக் கணக்கைத் தெரிந்துகொள்ள ஆசை. நானும் சும்மா இருக்கக் கூடாதா? வள்ளத்தில் நின்றபடி, மூன்று மாதம் எண்ணிய படிகளைப் பற்றி ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். முடித்ததும், அப்பாவுக்குப் பின்னால் நின்ற பெண்ணின் குரல் கேட்டது.

"சாயங்காலம் ஒருக்கலாவது எண்ணிப் பார்த்தாங்களான்னு கேளுங்கப்பா."

எனக்குத் தெளிவாகவே கேட்டது. ஆனாலும் அவர் அதை முறைப்படி எங்களிடம் கத்தினார். "இல்லை" என்றேன். "இல்லையாம்" என்று திரும்பி மகளிடம் சொன்னார்.

"எங்க ஸ்கூல் கடியாரம் தினமும் அம்பது நிமிஷம் பின்னால போகும். அது பாட்டுக்கு ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. ஆனா காலையில எட்டு மணிக்கு மட்டும் எட்டிப் பார்த்தா, சின்ன முள்ளு தினம் கொஞ்சமா பின்னுக்கு நகர்ந்து, பதினாலு பதினஞ்சு நாள்ல ஒரு சுத்து வர்ற மாதிரி தோணும். நாளுக்கு ரெண்டு தரம் ஏறி இறங்குற தண்ணியும் தினம் அத்தனை நேரம் தாமசிச்சுத்தான் வரும். அவங்க பார்த்தது தண்ணியோட அலை இல்ல, அந்தத் தாமசத்தோட அலை."

முதலில் சுருக்கென்று கோபம் வந்தது. இரண்டாம் வகுப்புக்குக் கடிகாரம் பார்க்கச் சொல்லிக்கொடுக்கிற பெண், எனக்குக் கணக்குச் சொல்வதா? பதில் பேச வாயைத் திறந்தேன். சேறு கண்ணில் பட்டது. எட்டு மணிக்கு உச்சி என்றால், ஆறேகால் மணி நேரத்துக்குப் பிறகு அடிமட்டம். அதாவது இரண்டேகால். நாங்கள் சிக்கிய அதே நேரம்! என் புள்ளி ஒவ்வொன்றும் சரி, புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் நான் போட்ட கோடுதான் பொய். உடம்பெல்லாம் ஒரு சிலிர்ப்பு. கல்யாணமே மறந்து போயிற்று.

"மாமா, பென்சில் இருக்கா?"

"எதுக்குடா? கரைக்குக் கடுதாசி எழுதப் போறியா?" என்று எரிந்து விழுந்தபடியே காதில் செருகியிருந்ததை எடுத்துக் கொடுத்தார். வள்ளத்தின் பலகையிலேயே உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். ஐந்து மணிக்கு வள்ளம் மிதக்க வேண்டும் என்று வந்தது. பயந்துகொண்டே அறிவித்தேன். யாரும் நம்பவில்லை.

ஐந்துக்கு மிதந்தது. ஆனால் அது ராகு காலம். மாமா இறங்க மறுத்துவிட்டார். பெண் வீட்டுப் படியில் வள்ளத்தைக் கட்டி, ஆறு மணிவரை நாங்கள் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்க, பெண் படியில் நின்று காப்பி கொடுத்தாள். ஒற்றைச் செருப்போடு நான் அதை வாங்கிக்கொண்டேன். எங்கள் பெண் பார்க்கும் படலம் அவ்வளவுதான்.

இருட்டுவதற்குமுன் அப்படியே திரும்பும்போது, "இந்த இடம் போச்சுடா" என்று மாமா சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, மிகவும் வருத்தமாக இருந்தது. மூன்றாம் நாள் சம்மதம் என்று ஆள் வந்தபோது, வீடு மாறி வந்துவிட்டாரோ என்று நினைத்தோம்.

பிறகு வந்த புத்தகங்களில் இந்தத் தவறுக்குப் பெயரும் விளக்கமும் போட்டிருந்தன: விட்டு விட்டு அளந்தால், வேகமான அலை மெதுவான அலையின் வேஷத்தில் வந்து ஏமாற்றும். வருஷாவருஷம் மாணவர்களுக்கு அதை நடத்தினேன், சேற்றில் நின்றவர் யார் என்று மட்டும் சொன்னதில்லை. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து என் மனைவியிடம் கேட்டேன், அப்படிப்பட்ட ஒருவனுக்கு எப்படிச் சரி என்றாய் என்று. "தப்புன்னு சொன்னதும் சண்டைக்கு வருவீங்கன்னு நெனச்சேன், நீங்க பென்சில் கேட்டீங்க" என்றாள்.

இன்றும் யாரைப் பற்றியாவது ‘அவரை எனக்கு நன்றாகத் தெரியும்’ என்று சொல்ல வாயெடுத்தால், எந்த நேரத்தில் மட்டும் அவரைப் பார்த்திருக்கிறேன் என்று ஒரு தரம் யோசித்துப் பார்க்கிறேன். பெரும்பாலும் பேசாமல் இருந்துவிடுகிறேன்.