உப்புப் பார்க்கும் கை

என் மாமனாரை நினைத்தால் எனக்கு முதலில் முகம் வருவதில்லை, உள்ளங்கைதான் வருகிறது. கொதிக்கிற அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வலது கையைக் குழித்து நீட்டியிருப்பார். சமையல்காரர் அகப்பையின் நுனியால் அதில் ஒரு சொட்டுக் கிடாக்கறிக் குழம்பை விடுவார். ஆடு பத்திப் பத்தி, கருவேல முள் குத்திக் குத்திக் காய்த்துப்போன கை அது. குழம்பு கொதிக்கக் கொதிக்க விழுந்தாலும் சுருங்காது. நக்கிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடுவார். பந்திக்குக் காத்திருக்கிற ஊர் முழுக்க அந்த மூடிய கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு கண்ணைத் திறந்து, "இன்னும் ஒரு கை போடும்" என்பார். உப்பு விழும்.

புதூர்ப் பக்கத்தில் எங்கள் ஊர். மழையை நம்பி உளுந்தும் பாசிப்பயறும் விதைக்கிற கரிசல் காடு. சித்திரையில் கருப்பசாமிக்குக் கொடைத் திருவிழா நடக்கும். கொடைக்குச் சமைக்கிறவர் எத்தனை பெரிய கைகாரராக இருந்தாலும் பாதி உப்புதான் போடுவார். மீதி உப்பை மாமா சொல்லச் சொல்லத்தான் போட வேண்டும். அவருடைய அப்பா காலத்திலிருந்து அந்த வீட்டு ஆண்பிள்ளைக்கு உள்ள உரிமை அது. மாமா உப்புச் சரி என்று சொல்லாமல் அண்டா இறங்காது, இலை விழாது. கல்யாணமாகி வந்த முதல் வருஷம் இதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வருஷம் பெருமையாக இருந்தது. ஒரு சொட்டோடு மாமா நிறுத்தியதும் கிடையாது. உப்புப் பார்த்த பிறகு கறி வெந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு துண்டு, ஈரல் பதமா என்று பார்க்க ஒரு துண்டு, எலும்பில் சாறு இறங்கியிருக்கிறதா என்று பார்க்க ஒரு நல்லி. எல்லாருக்கும் முன்னால் அவர் பந்தி முடிந்திருக்கும்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு ஆனி மாதத்தில் கால் வீங்கியது. ஆட்டுக்குப் பின்னால் நடந்த அசதி என்று நினைத்துக்கொண்டோம். வீக்கம் முகத்துக்கும் வந்த பிறகுதான் கோவில்பட்டிக்குக் கூட்டிப்போனோம். டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, சிறுநீரகம் ரொம்பக் களைத்துப்போயிருக்கிறது என்றார். கறி, முட்டை, கருவாட்டையெல்லாம் நன்றாகக் குறைக்க வேண்டும், உப்பைப் பாதிக்கும் கீழே கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் திருநெல்வேலிக்குப் போய் வாரத்தில் பாதி நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மிஷினோடு படுத்திருக்க வேண்டிவரும் என்றார். மாமா உயிரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அப்போ ஆட்டை யாரு பத்துவா?" என்றுதான் கேட்டார்.

அந்தக் கேள்வி என் நெஞ்சில் தைத்தது. காலையில் ஆடுகளோடு கிளம்பி, பொழுது சாய அவற்றோடு திரும்புகிறவர் அவர். ஒவ்வொரு ஆட்டுக்கும் பெயர் வைத்திருந்தார். அவரைக் கொண்டுபோய் ஒரு கட்டிலில் போட்டுக் கையில் குழாயைச் சொருகினால், உயிர் இருக்கும், மாமா இருக்கமாட்டார். அவரை அந்த மிஷினுக்கு விடக்கூடாது என்பதுதான் அன்றிலிருந்து எங்கள் வீட்டின் ஒரே வேலையாக இருந்தது.

அந்த வேலையை நாங்கள் தொடங்கிய லட்சணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். கறியை விட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லி முடிப்பதற்குள் என் அத்தை, அதாவது என் மாமியார், மனசுக்குள் உளுந்து மூட்டையை அவிழ்த்துவிட்டார். எங்கள் கரிசலில் கறி இல்லையென்றால் அடுத்து நினைவுக்கு வருவது காய் அல்ல, பயறு. காய் பஸ்ஸில் வர வேண்டும், பயறு சொந்தக் காட்டில் விளைகிறது. காலையில் நல்லெண்ணெய் மிதக்க உளுந்தங்களி. மத்தியானம் கெட்டிப் பருப்பு, தொட்டுக்கொள்ளத் தட்டாம்பயறு. சாயந்திரம் பாசிப்பயறுச் சுண்டல். கறி கேட்கிற வாய்க்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நான் என் பங்குக்குக் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் வாங்கிக்கொடுத்தேன். மாமா முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் சாப்பிட்டார். சைவத்துக்கு மாறிவிட்டோம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டோம்.

அடுத்த முறை போனபோது தாளில் எண் முன்னைவிட ஏறியிருந்தது. டாக்டரம்மா சந்தேகத்தோடு, என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். அத்தை இதற்காகவே காத்திருந்ததுபோல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கறிய நெனைக்கக்கூட விடுததில்ல டாக்டரம்மா. காலையில உளுந்தங்களி, மத்தியானம் பருப்பு, பொழுதடைய சுண்டலு. தெம்பா இருக்கட்டும்னு உளுந்த ஒரு பிடி கூடத்தான் போடுதேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். சிரிப்பதா கோபப்படுவதா என்று அவருக்கே தெரியவில்லை. "ஏம்மா, ஆட்ட வெளிய அனுப்பிட்டு உளுந்து மூட்டைய உள்ள கூட்டிட்டு வந்துருக்கீங்களே!" என்றார். கறியில் இருக்கிற புரதம்தான் பயறிலும் இருக்கிறது, களைத்துப்போன சிறுநீரகத்துக்கு இரண்டுமே சுமைதான், அளவைக் குறைத்தால்தான் அது தாங்கும் என்று பொறுமையாக விளக்கினார். அத்தைக்கு முகம் செத்துவிட்டது. தன் கையாலேயே களி கிண்டிக் கெடுத்துவிட்டோமே என்று பஸ் ஏறும்வரை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். மாமாதான் தேற்றினார். "ஏட்டி, களி நல்லாத்தான இருந்துச்சு. அதுக்கு ஏன் அழுத?" என்றார்.

அதே ஆஸ்பத்திரியில், என்ன சாப்பிடலாம் என்று சொல்லிக்கொடுக்க ஒரு சின்னப் பெண் இருந்தாள். சோறு இவ்வளவு, காய் இவ்வளவு, பருப்பு என்றைக்காவது ஒரு கரண்டி என்று அளந்து சொன்னாள். கறியை அடியோடு விட வேண்டாம், எப்போதாவது ஒரு நாள் தீப்பெட்டி அளவுக்கு ஒரு துண்டு சாப்பிடலாம் என்றும் சொன்னாள். தீப்பெட்டி செய்தே பிழைக்கிற பக்கத்து ஆளிடம் போய் அப்படிச் சொல்லலாமா? மாமா அன்று பூராவும் யோசனையாகவே இருந்தார். மறுநாள் கடைக்குப் போய், அடுப்படிக்கென்று விற்கிற பெரிய பெட்டி ஒன்றை வாங்கிவந்து என் முன்னால் வைத்தார்.

"எம்மா, எந்தப் பெட்டின்னு அந்தப் பிள்ள சொல்லலையே. இதுவும் தீப்பெட்டிதான?"

நான் மாடக்குழியில் இருந்த சின்னப் பெட்டியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பெருமூச்சு விட்டுவிட்டு, "அதுல குச்சி எடுக்கதுக்கே விரல் போக மாட்டேங்கு" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, அவருக்கும்தான்.

ஒரு வீட்டில் இரண்டு உலை கிடையாது என்று அத்தை உத்தரவு போட்டார். "அவிய திங்குததுதான் எல்லாருக்கும். நாம உப்புங் காரமுமாத் தின்னுக்கிட்டு அவிய முன்னால உக்காந்தா நல்லாவா இருக்கும்?" என்றார். கோவில்பட்டிக்குத் தினமும் லோடு ஆட்டோ ஓட்டுகிற என் வீட்டுக்காரர் இதற்கு மறுபேச்சே பேசவில்லை. தகப்பனுக்காக வாயைக் கட்டுகிற பிள்ளை கிடைத்திருக்கிறதே என்று நான் பூரித்துப்போனேன். முதல் சில வாரம் சாப்பாடு சாப்பாடாகவே இல்லை. சுரைக்காய் சுரைக்காயாகவே இருந்தது, அதைவிடப் பெரிய குற்றம் ஒரு காய்க்கு இல்லை. அத்தை விடவில்லை. கத்தரிக்காயைத் தணலில் சுட்டுப் பிசைந்தார். சின்ன வெங்காயத்தைப் பூண்டோடு வதக்கிப் பீர்க்கங்காயில் கொட்டினார். உப்பு விழ வேண்டிய இடத்தில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார், சீரகத்தையும் மிளகையும் இடித்துப் போட்டார். மார்கழி வாக்கில் ஒரு மத்தியானம் மாமா வாயில் வைத்த கவளத்தை மெல்லாமல் அப்படியே நிறுத்தினார். "ஏட்டி, கத்தரிக்காய்க்கு உள்ள ஒரு இனிப்பு இருக்கு பாத்தியா?" என்றார். நானும் மென்று பார்த்தேன். இருந்தது. இத்தனை வருஷம் அதை நாங்கள் உப்பிலும் புளியிலும் முக்கிக் கொன்றிருக்கிறோம்.

வீட்டுக்குள் சரி, காட்டுக்குள் யார் காவல்? ஆடு மேய்க்கிற இடத்தில் நாலைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒருவர் தூக்குச்சட்டியில் கருவாட்டுக் குழம்பு இருக்கும், இன்னொருவர் முயல் சுட்டுக் கொண்டுவருவார். கையில் ஒரு துண்டை வைத்துவிட்டால் வேண்டாம் என்று சொல்கிற வழக்கம் அங்கே கிடையாது. அத்தைக்கு அதுதான் பயம். அதனால் மாமா சாயந்திரம் திரும்பியதும், கை கழுவுவதற்கு முன்னால், அவருடைய வலது கையைப் பிடித்து இழுத்து உள்ளங்கையை முகர்ந்து பார்ப்பார். கருவாடு என்றால் கண்டுபிடித்துவிடலாம். கறி என்றால்தான் சிக்கல், ஆட்டுக்காரர் கையில் எப்போதும் ஆட்டு வாசம்தானே.

"ஆட்டு வாசம் வருது."

"வெளிய இருந்தா, உள்ள இருந்தா? நல்லாப் பாத்துச் சொல்லு."

அத்தை மறுபடியும் முகர்ந்து பார்ப்பார். எதுவும் தெரியாது. சந்தேகம் அப்படியே இருக்கும். தாளில் எண் ஏறாமல் நின்றிருந்தது என்னவோ உண்மை. ஆனாலும் மாமா காட்டில் ஒளித்துச் சாப்பிடுகிறார் என்பதில் அத்தைக்கு உறுதி இருந்தது. எனக்கும் மாமா மேல் பாதி நம்பிக்கைதான்.

சித்திரை வந்தது. கொடைக்குப் பந்தக்கால் நாட்டிய நாளிலிருந்தே வீட்டில் அத்தைக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு சொட்டில் தொடங்கி நல்லியில் முடிகிற வேலை அது. இத்தனை மாதம் கட்டிக்காத்ததெல்லாம் ஒரு மத்தியானத்தில் போய்விடும். "இந்த வருசம் உடம்புக்குச் சொகமில்லன்னு சொல்லிருங்க" என்று கெஞ்சினார். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நான் போவலன்னா அண்டா எறங்காது" என்றார். அத்தையும் நானும் அவருக்குப் பின்னாலேயே போனோம். பெண்கள் சமையல் பந்தலுக்குள் போகிற வழக்கமில்லை. அன்று யாரும் எங்களைத் தடுக்கவில்லை, அத்தையின் முகம் அப்படி இருந்தது.

அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வாசனையில் எனக்கே நாக்கில் நீர் ஊறியது. மாமா கையைக் குழித்து நீட்டினார். சமையல்காரர் ஒரு சொட்டு விட்டார். மாமா நக்கினார், கண்ணை மூடினார். மூடிய கண் பட்டென்று திறந்தது. முகம் கோணிப்போய், திரும்பித் துப்பினார்.

"யோவ்! இப்பிடிக் கரிக்குது! உப்ப அள்ளிக் கொட்டிட்டீரா?"

சமையல்காரர் உப்புச் சட்டியைத் தூக்கிக் காட்டினார். "அண்ணாச்சி, எப்பவும்போலப் பாதி உப்புதான போட்டுருக்கேன். நீங்க சொல்லாம மிச்சத்தப் போடுவனா?" என்றார். மாமா நம்பவில்லை. இன்னொரு சொட்டு வாங்கினார், அதையும் துப்பினார். கூட்டம் கசகசவென்று பேசத் தொடங்கியது. மாமா சட்டென்று திரும்பி, "ஏட்டி, நீ பாரு" என்றார். கொடை அண்டாவில் உப்புப் பார்க்க ஒரு பெண் கை நீட்டியது எங்கள் ஊரில் அதுதான் முதல் தடவை. அத்தை நக்கிப் பார்த்தார். "ஆமா, கரிக்கத்தான் செய்யுது." என் கையிலும் ஒரு சொட்டு விழுந்தது. எனக்கும் கரித்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அத்தைக்கும் அதே நொடியில் புரிந்திருக்க வேண்டும். சமையல்காரர் மேல் தப்பில்லை. மாறியது எங்கள் நாக்கு. வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்ட எங்கள் நாக்கு எப்படி மாறியதோ அப்படியே மாமாவின் நாக்கும் மாறியிருந்தது. காட்டில் ஒரு துண்டுக் கருவாட்டை ஒளித்துச் சாப்பிட்டிருந்தால் அந்த நாக்கு இப்படித் துப்பியிருக்காது. யாரும் பார்க்காத இடத்தில், நீட்டிய கைகளையெல்லாம் மறுத்துவிட்டு, அந்த மனிதர் உப்பில்லாச் சோற்றைத் தனியாகத் தின்றிருக்கிறார். அத்தை ஊர் பார்க்க மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், அழுகைக்கு நடுவில் சிரித்தார். என்ன நடந்தது என்று தெரியாமல் மாமா விழித்தார்.

"சரி, இப்ப உப்பு யாரு சொல்லுவா?" என்று பந்திக்காரர்கள் சத்தம் போட்டார்கள். விறகு இறக்கிவிட்டு வந்த என் வீட்டுக்காரரை முன்னால் தள்ளினார்கள். அந்த வீட்டு ஆண்பிள்ளைதானே. அவர் கையைக் குழித்து நீட்டினார், நக்கினார், அப்பாவைப் போலவே கண்ணை மூடித் திறந்தார். "சப்புனு இருக்கு. இன்னும் ரெண்டு கை போடும்" என்றார்.

அத்தை மெதுவாக என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"ஏலே, வீட்டுல எல்லாருக்கும் கரிக்குது, ஒனக்கு மட்டும் சப்புனு இருக்குதோ? இத்தன மாசமா நீ எங்கன போய்த் தின்ன?"

கோவில்பட்டியில் எந்தக் கடையில் என்னென்ன சாப்பிட்டார் என்பது அன்று சாயந்திரத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. மாமா சிரித்த சிரிப்பில் தோள் துண்டு நழுவி விழுந்தது. "இவன் நாக்குதான் ஊரு நாக்கு, இனி இவனே பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பந்தியில் போய் உட்கார்ந்தார். அவர் இலையில் அத்தை தன் கையாலேயே ஒரு துண்டுக் கறியை வெந்நீரில் அலசி வைத்தார், சின்னத் தீப்பெட்டி அளவில். மாமா அதைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் பக்கத்து இலைக்காரர் ரசத்துக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு சில கொடைகள் முடிந்துவிட்டன. திருநெல்வேலி மிஷினை மாமா இன்னும் பார்க்கவில்லை. டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, இப்படியே ஓட்டுங்கள் என்கிறார். அண்டாவுக்கு நேரே இப்போது நீள்வது என் வீட்டுக்காரர் கை, ஸ்டியரிங் பிடித்த மெத்தென்ற கை. குழம்பு விழுந்ததும் ஊ ஊ என்று ஊதுகிறார். மாமா தள்ளி உட்கார்ந்து அதைப் பார்த்துச் சிரிக்கிறார்.

பொழுது சாய ஆடுகளை அடைத்துவிட்டு வந்ததும், இப்போது அத்தை இழுக்க வேண்டியதில்லை, மாமாவே கையைக் குழித்து நீட்டுகிறார். நேற்றும் நீட்டினார். அத்தை குனிந்து முகர்ந்து, "ஆட்டு வாசம் வருது" என்றார்.

"வெளிய இருந்தா, உள்ள இருந்தா?"

"வெளிய இருந்துதான்" என்றார் அத்தை. சொல்லிவிட்டும் கையை விடவில்லை.