தவசிமுத்து மறைத்த வரி

ராஜபாளையம் மதுரை ரோட்டில் ஷெட் வைத்திருந்த தவசிமுத்துவுக்கு, இன்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லத் தெரியும். அம்பாசிடரோ ஃபியட்டோ, பானெட்டைத் திறக்கும் முன்பே "மூணாவது பிளக்கப் பாரு" என்பான். பார்த்தால் அப்படித்தான் இருக்கும். மம்சாபுரம், தளவாய்புரம், சேத்தூர் என்று சுற்று வட்டாரமே அவனைத் தேடி வந்தது. அப்படியும் அவன் மனசு நிறையவில்லை. காரணம் பால்ச்சாமி.

இருவரும் ஒரே வயது. ஒரே லாரி ஷெட்டில் தொழில் பழகியவர்கள். 1980-ல் விருதுநகரில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது ஒரே பஸ்ஸில் போனார்கள். தவசிமுத்துவுக்குப் பாதம் தட்டை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பால்ச்சாமி தேறிவிட்டான். பதினைந்து வருஷம் பட்டாளத்து ஒர்க் ஷாப்பில் வேலை பார்த்துவிட்டு, 1995-ல் திரும்பி வந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஷெட் போட்டான். சின்ன இடம்தான். ஆனாலும் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் "பட்டாளத்து மெக்கானிக்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் தவசிமுத்துவுக்குச் சாப்பாடு இறங்காது.

"அவுக பாட்டுக்கு அவுக தொழிலப் பாக்காக. ஒங்களுக்கு என்ன வருது?" என்பாள் மனைவி பரிபூரணம்.

"பட்டாளத்துல லாரிக்குக் காத்து அடிச்சிட்டு வந்தவன், பெரிய மெக்கானிக்காம்" என்பான் அவன்.

1996-ல் சஞ்சீவி ராஜாவின் காரில் பிரச்சினை வந்தது. சஞ்சீவி ராஜா சிறிய நூல் மில் ஒன்றின் சொந்தக்காரர். அவருடைய சகலை எட்டு வருஷத்துக்கு முன் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் கொண்டுவந்து கொடுத்த வெள்ளை நிற ஜப்பான் கார் அது. கார்புரேட்டர் கிடையாது. பெட்ரோலை எவ்வளவு விடுவது, எப்போது விடுவது என்பதையெல்லாம் ஒரு கம்ப்யூட்டர் பாக்ஸ் பார்த்துக்கொள்ளும். ஆயில் மாற்றுவது, பிரேக் பார்ப்பது தவிர அதில் தவசிமுத்துவுக்கு வேலையே வந்ததில்லை. ஆனாலும் அந்தக் கார் ஷெட்டு வாசலில் நிற்பதே அவனுக்குப் பெருமை.

இப்போது கார் இருபது நிமிஷம் ஓடும், சூடானதும் நின்றுவிடும். செத்த நேரம் ஆறப் போட்டால் மறுபடி ஓடும். தவசிமுத்து பெட்ரோல் பில்டரை மாற்றினான். பிளக், காயில், பம்ப் எல்லாவற்றையும் பார்த்தான். காதை இன்ஜின் மேல் வைத்துக் கேட்டான். சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. பத்து நாள் ஆகியும் ஒன்றும் பிடிபடவில்லை.

"ஏமி தவசி, ஸ்ரீவில்லிபுத்தூர்ல அந்தப் பட்டாளத்துப் பையன்கிட்ட ஒரு தடவ காட்டலாமா?" என்று தெலுங்கு கலந்த தமிழில் கேட்டார் ராஜா.

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? "காட்டுங்க மொதலாளி" என்றான். ராஜா போனதும் ஸ்பேனரைத் தூக்கி மூலையில் எறிந்தான்.

டிரைவர் சின்னக்கருப்பன் வழியில் இரண்டு முறை நிறுத்தி ஆறப் போட்டுக் காரைக் கொண்டு போனான். சாயங்காலம் திரும்பும்போது தவசிமுத்துவின் ஷெட்டில் நின்று, நடந்ததையெல்லாம் ஆச்சரியமாகச் சொன்னான்.

"அண்ணாச்சி, அவரு இன்ஜினத் தொடவே இல்ல. சூடாகி நிக்கவும் சாவியப் போட்டு மீட்டருக்குப் பக்கத்துல இருக்க மஞ்ச லைட்டப் பாத்தாரு. அது எரியணுமாம், எரியல. பல்பு நல்லாருக்கான்னு பாத்தாரு. பாக்ஸுக்குக் கரண்டு வருதா, எர்த்து இருக்கான்னு மீட்டர வச்சுப் பாத்தாரு. எல்லாம் இருக்கு. ஒவ்வொரு சென்சாரா கழட்டிவிட்டுப் பாத்தாரு. அப்பமும் எரியல. 'அப்ப பாக்ஸுதான் போச்சு'ன்னுட்டாரு. அரை மணி நேரந்தான் அண்ணாச்சி!"

அரை மணி நேரம். தவசிமுத்துவுக்கு நெஞ்சுக்குள் அடுப்பைப் பற்றவைத்தது போல இருந்தது.

சின்னக்கருப்பன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். "இத மொதலாளிகிட்ட குடுக்கச் சொன்னாரு. எனக்கு எங்க படிக்கத் தெரியுது?"

தாளில் இரண்டு வரிகள் இருந்தன. முதல் வரி பாக்ஸின் நம்பர். அதே நம்பர் உள்ள பாக்ஸ்தான் பொருந்தும். இரண்டாவது வரி: "இது ஏன் கெட்டது என்று பார்க்காமல் புதுசு மாட்ட வேண்டாம். வண்டியை நாலு நாள் என்னிடம் விடவும்."

"நானே குடுத்துக்கிடுதேன்" என்று தவசிமுத்து தாளை வாங்கிக்கொண்டான். சின்னக்கருப்பன் போனதும் நம்பரை மட்டும் வேறொரு தாளில் எழுதினான். பால்ச்சாமியின் தாளை மடித்து, டூல்ஸ் பெட்டியின் அடியில் போட்டான். நாலு நாள் பால்ச்சாமி ஷெட்டில் இந்தக் கார் நின்றால் ஊரே பார்க்கும். அதை மட்டும் அவனால் தாங்கிக்கொள்ள முடியாது.

மறுநாள் ராஜாவிடம், "பாக்ஸுதான் கெட்டுருக்காம் மொதலாளி. மெட்ராஸ்ல நானே போயி வாங்கியாந்து மாட்டிருதேன்" என்றான். ராஜாவுக்கும் அவசரம். அடுத்த வாரம் மதுரையில் மகளுக்கு நிச்சயதார்த்தம்.

தவசிமுத்து மெட்ராஸ் போய், பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் இரண்டு நாள் கடை கடையாக ஏறி இறங்கி, அதே நம்பர் போட்ட பழைய பாக்ஸ் ஒன்றைக் கண்டுபிடித்தான். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, இடது பக்க சீட்டுக்கு முன்னால் கார்பெட்டுக்கு அடியில் இருந்த பாக்ஸை எடுத்துவிட்டுப் புதிதாக வந்ததை மாட்டினான். மஞ்சள் விளக்கு எரிந்தது. இன்ஜின் கிளம்பியதும் அணைந்தது. கார் சூடாகியும் நிற்கவில்லை. ஐந்து நாள் ஊருக்குள் ஓடியது. அந்த ஐந்து நாளும் தவசிமுத்து சிரித்த முகத்தோடு இருந்தான். "பட்டாளத்துக்காரன் செய்யாதத நான் செஞ்சேன்" என்று டீக்கடையில் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

நிச்சயதார்த்தத்தன்று ராஜா குடும்பம் காலையில் கிளம்பியது. வெயில், ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் காருக்குள் கருகல் வாடை வந்தது. கார் நின்றது, நின்றதுதான். பட்டுப்புடவையோடு பெண்கள், தாம்பாளத் தட்டுகளும் மல்லிகைப்பூக் கூடையுமாக ரோட்டோரம் நின்றார்கள். ராஜா குடும்பம் ஒரு டெம்போ வேனைப் பிடித்து, மாப்பிள்ளை வீட்டாரை இரண்டு மணி நேரம் காக்க வைத்த பிறகுதான் போய்ச் சேர்ந்தது. சின்னக்கருப்பன் காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்த ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, பால்ச்சாமி ஷெட்டுக்கே போய்விட்டான்.

மறுநாள் ராஜா கூப்பிட்டுவிட, தவசிமுத்துவும் அங்கே போனான். ஷெட் மேஜையில் இரண்டு பாக்ஸும் திறந்து கிடந்தன. பழையதைச் சின்னக்கருப்பன் கொண்டுவந்திருந்தான். இரண்டிலும் ஒரே இடத்தில் கறுப்பாகக் கருகியிருந்தது.

பால்ச்சாமி இன்ஜினிலிருந்து ஒரு சிறிய வால்வைக் கழற்றிச் சூடாக்கி வைத்திருந்தான். கார் நிற்கும்போது இன்ஜின் அணையாமல் காற்றை அளந்து விடும் வால்வு அது. அதன் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்துக் காட்டினான்.

"இதுக்குள்ள இருக்க காயிலு சூடானா ஷார்ட் ஆகுது மொதலாளி. பத்து ஓம்ஸ் இருக்க வேண்டியது, ஒண்ணுதான் காட்டுது. அம்புட்டு கரண்டும் பாக்ஸு வழியா போயி அதக் கருக்கிருது. இத மாத்தாம எத்தன பாக்ஸு போட்டாலும் இதே கதிதான்."

பிறகு சின்னக்கருப்பனைப் பார்த்து, "நான் தாள்ல எழுதித்தான குடுத்தேன்?" என்று ஆரம்பித்தான். சின்னக்கருப்பன் தவசிமுத்துவைப் பார்த்தான். பால்ச்சாமியும் பார்த்தான். தவசிமுத்துவின் முகத்தில் அவன் எதைக் கண்டானோ, பேச்சை அப்படியே மாற்றிவிட்டான்.

"தவசி மேல தப்பு சொல்ல முடியாது மொதலாளி. இந்தக் கோளாறு சூடானாத்தான் தெரியும். யாரு மாட்டியிருந்தாலும் போயிருக்கும்."

ராஜா தலையாட்டினார். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. தவசிமுத்து தப்பித்துவிட்டான். ஆனால் அந்தத் தப்பிப்பு பால்ச்சாமி கையால் வந்தது. பட்டாளத்துக்குப் போனவனும் அவன், அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தவனும் அவன், இப்போது பெருந்தன்மையும் அவனுடையதா? அதையும் அவனுக்கு விட்டுக்கொடுக்கத் தவசிமுத்துவால் ஆகவில்லை.

"மொதலாளி, அவன் பொய் சொல்லுதான்" என்றான். குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. "ஏன் கெட்டுச்சுன்னு பாக்காம மாட்டாதீகன்னு அவன் எழுதித்தான் விட்டான். தாள வாங்கி மறைச்சது நான்தான். எனக்கு ஒருத்தனும் பரிஞ்சு பேச வேண்டாம்."

 ராஜா அவன் பக்கம் திரும்பினார்.

"எட்டு வருஷமா ஒன்ன நம்பி வண்டிய விட்டேன் தவசி. எம் மகள நடுரோட்டுல நிக்க வச்சுட்டியே" என்றார். "இனிமே வண்டி இங்கதான் வரும். பாக்ஸும் வால்வும் நீ போயி வாங்கிட்டு வா. பால்ச்சாமி மாட்டட்டும்."

தவசிமுத்து மறுபடி புதுப்பேட்டைக்குப் போனான். சாமான்களைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திரும்ப நினைத்தவனைப் பால்ச்சாமி விடவில்லை. "இருலே. இந்த மீட்டரப் புடி. நம்பர வாசி" என்றான்.

முதலில் வால்வை அளந்தார்கள்: பத்து. பிறகு பெட்ரோலைப் பீய்ச்சும் ஒவ்வொரு இன்ஜெக்டரையும், ஒவ்வொரு வயரையும் அளந்தார்கள். எல்லாம் சரி என்ற பிறகுதான் பால்ச்சாமி பாக்ஸை மாட்டினான். தவசிமுத்து எண்களை வாசித்துக்கொண்டே, அவன் கை எங்கே போகிறது, மீட்டரை எதில் வைக்கிறான் என்று ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டான். இடையில் பால்ச்சாமி டீ வாங்கிக் கொடுத்தான். தவசிமுத்து ருசி தெரியாமலே குடித்தான்.

கார் ஓடியது. அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. ஆனால் ராஜபாளையம் ஷெட்டு வாசலுக்கும் வரவில்லை. தினமும் காலையில் அது மதுரை ரோட்டில் கடந்து போகும்போது தவசிமுத்து ஏதாவது வேலையைச் சாக்காக வைத்து உள்ளே போய்விடுவான்.

அந்த மாதமே அவன் ஒரு மீட்டரும், இன்ஜெக்ஷன் வண்டிகளைப் பற்றிய ஒரு புத்தகமும் வாங்கினான். "இந்த வயசுல படிப்பா?" என்று பரிபூரணம் கேட்டாள். அவன் பக்கத்தைப் புரட்டினான்.

1999-ல் இன்ஜெக்ஷன் வைத்த புதுக் கார் ஒன்று அவன் ஷெட்டுக்கு வந்தது. இரண்டு ஊரில் பார்த்தும் சரியாகவில்லை என்றார்கள். தவசிமுத்து ஒன்றரை நாள் மீட்டரும் கையுமாக உட்கார்ந்து, பேட்டரிக்குக் கீழே இருந்த ஒரு எர்த் வயரில் கோளாறைக் கண்டுபிடித்தான். பாக்ஸைத் தொடவே இல்லை. முதலில் அவனுக்குத் தோன்றியது, இது ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தெரிய வேண்டும் என்பதுதான். சின்னக்கருப்பனைப் பார்த்து இரண்டு தடவை விலாவாரியாகச் சொன்னான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பால்ச்சாமி மொபெட்டில் வந்து இறங்கினான். "அந்தக் காரு என்கிட்டயும் வந்துச்சுலே. எனக்குப் பிடிபடல. எப்படிக் கண்டுபிடிச்ச?" என்றான்.

தவசிமுத்து அவனுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டான். பரிபூரணத்திடம் காப்பி போடச் சொன்னான். ஆற அமர உட்கார்ந்து, எங்கே ஆரம்பித்தான், எந்தெந்த வயரை அளந்தான் என்று வரிசையாக எல்லாவற்றையும் சொன்னான். கோளாறைக் காட்டிக்கொடுத்த அந்த ஒரே ஒரு அளவை மட்டும் சொல்லாமல் விட்டான்.