கழுவி அடுக்கிய உறைகள்

தெருவில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பதினோரு வருஷமாக அவள் பொட்டலக்கா. சத்துணவு நிலையத்தில் அவள் கொடுப்பது, ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு இரண்டு வயது வரை தினம் ஒரு பொட்டலம், நாலு வாரத்துக்கு இருபத்தெட்டு. வேர்க்கடலை விழுதில் எண்ணெயும் பால்பவுடரும் சத்துமருந்தும் கலந்தது. வீட்டுச் சாப்பாட்டோடு இதையும் கொடுத்தால் பிள்ளை மெலியாது. கொடுத்தால்தானே!

கொடுக்கிறார்களா என்று மேற்பார்வையாளருக்குச் சந்தேகம். போன வருஷம் ஒரு விதி போட்டார். காலி உறை எத்தனை வருகிறதோ, அத்தனை பொட்டலம்தான் அடுத்த மாதத்துக்கு. பொட்டலக்காவுக்கு அது பிடித்திருந்தது. அவளுக்கு எதிலும் ஒழுங்கு வேண்டும். துவைத்த துணியைக்கூட நிறவாரியாகக் காயப்போடுகிறவள்.

போன மாதம் தையல்காரி இருபத்தியொரு உறையோடு வந்து நின்றாள்.

"மிச்சம் ஏழு எங்க?"

"எலி இழுத்துட்டுப் போயிடுச்சுக்கா."

"எலிக்கும் சத்து வேணும்ல. போய் அதுகிட்டயே வாங்கிக்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தையல்காரிக்கு முகம் சுண்டிப்போயிற்று. இருபத்தியொன்றுதான் கிடைத்தது.

இந்த மாதம் அவள் தலை நிமிர்ந்து வந்தாள். இருபத்தியொரு உறை, கழுவிக் காயவைத்து, ரப்பர் பேண்ட் போட்டு. மூன்று தடவை எண்ணிப் பார்த்த பொட்டலக்காவுக்கு மனசு குளிர்ந்தது. பிறகு குழந்தையின் மேல்கையில், மெலிவை அளக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு நாடாவைச் சுற்றினாள். போன மாதம் பச்சையில் இருந்த அளவு, மஞ்சளுக்குள் இறங்கி சிவப்புக்கு இரண்டே மில்லிமீட்டர் தள்ளி நின்றது. சிவப்பைத் தொட்டால் ஆஸ்பத்திரிப் படுக்கைதான். மறுபடி சுற்றினாள். அதே அளவுதான்.

"காய்ச்சலா? வயித்துப்போக்கா?"

"ஒண்ணுமில்லக்கா."

மத்தியானம் நிலையத்தைப் பூட்டியதும் நேரே அந்த வீட்டுக்குப் போனாள். ஒரே அறை. பாதியைத் தையல் மெஷின் பிடித்துக்கொண்டிருந்தது. குழந்தை துணித்துண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து நூல்கண்டைச் சப்பிக்கொண்டிருந்தது.

"எப்படிக் குடுப்ப? செஞ்சு காட்டு."

தையல்காரி அலமாரி மேலிருந்து பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்தாள். வழித்த விரல் தடங்களைத் தவிர உள்ளே எதுவும் இல்லை.

"இதுலதான் போட்டு வெச்சேன். நீங்க குடுத்த அன்னைக்கே எல்லாத்தையும் பிதுக்கிட்டு, உறையைக் கழுவி துணிக்கு நடுவுல பத்திரப்படுத்திட்டேன். ஒண்ணுகூடத் தொலையல, பாருங்க."

பொட்டலக்கா டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"உள்ள இருந்தது?"

"ஒம்பதாம் நாளே தீந்துடுச்சு. பெரிசுங்க ரெண்டும் ரொட்டில தடவித் தின்னுச்சுங்க. அவரும் வேலைக்குப் போறப்ப ஒரு வழி வழிச்சுட்டுப் போவாரு. பொட்டலமா இருந்தா சின்னவளோடதுன்னு ஒதுங்கிப் போவாங்க. டப்பால இருந்தா எல்லாருக்கும் பொதுதானக்கா?"

"அடி அறிவுகெட்டவளே! உறையா உன் பிள்ளை வயித்துக்குள்ள போகப் போவுது?"

தையல்காரி டப்பாவை மூடினாள்.

"நீங்க உறையை மூணு தடவை எண்ணுனீங்க. பிள்ளைய மாசத்துக்கு ஒரு தடவைதான் பாக்குறீங்க."

சுருக்கென்று தைத்தது. போன மாதம் வரிசையில் தான் சொன்னதே காதில் கேட்டது. எலிகிட்டயே வாங்கிக்க.

வாசலுக்கு வந்து மேற்பார்வையாளரை போனில் பிடித்தாள்.

"உறை வந்துச்சா?" என்றார் அவர்.

"வந்துச்சு சார். பிள்ளைதான் தேயுது."

"உறை சரியா இருக்கு இல்ல? ஒரு வீட்டுக்காக விதியை மாத்தச் சொல்றியாம்மா?"

சுவரோடு பேசியிருக்கலாம்.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் நிலையம் திறப்பதற்கு முன்னால் தையல்காரி வீட்டுப் படி ஏறினாள். அந்த வீட்டுக்கான இருபத்தியொன்றையும் கொடுக்காமல், போன மாதம் பிடித்துவைத்த ஏழோடு தன்னிடமே வைத்துக்கொண்டு, கைப்பையிலிருந்து தினம் ஒரே ஒரு பொட்டலம். மூலையைக் கிழித்துக் குழந்தை வாயில் தானே பிதுக்கினாள். பெரியதுகள் இரண்டும் பார்த்துக்கொண்டு நிற்கும். அதுகளுக்கும் பசிதான், அதற்கு அவளிடம் பொட்டலம் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் போனாள். "அங்கேயே குடியேறிடு" என்றார் அவள் கணவர். காலி உறையை அந்த வீட்டுக் குப்பைக்கூடையிலேயே போட்டாள். வீம்புதான். நாலாம் நாள் அவள் கைப்பையைக் கண்டதுமே குழந்தை வாயைத் திறந்தது.

மாதக் கடைசியில் நாடாவைச் சுற்றினாள். சிவப்புக்கு ஆறு மில்லிமீட்டர் தள்ளி வந்திருந்தது. ஆனாலும் மஞ்சள் மஞ்சள்தான்.

அலுவலகத்தில் மேற்பார்வையாளர் அவள் கட்டுகளை எண்ணி நிமிர்ந்தார்.

"இருபத்தெட்டு உறை குறையுதே?"

"எலி இழுத்துட்டுப் போயிடுச்சு சார்."

அவர் சிரிக்கவில்லை. இருபத்தெட்டு பொட்டலத்தைக் குறைத்துக் கையெழுத்துப் போட்டார்.

பொட்டலப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றாள் பொட்டலக்கா. மொத்தம் நாற்பது வீடு. எந்த வீட்டுக்கு எத்தனை குறைப்பது என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். எப்படி எண்ணினாலும் ஏதோ ஒரு பிள்ளையின் கை குறுக்கே வந்தது.