விக்ரோலியில் ஏழு பேர்

அந்த வருடம் எங்கள் கல்லூரிப் பெண்கள் கால்பந்து டீம் ஒரு மேட்சில்கூட ஜெயிக்கவில்லை. ஆனால் இப்போது கண்ணை மூடினால் தோல்வி எதுவும் ஞாபகத்துக்கு வருவதில்லை. ஜூலை மழையில் செம்பூர் மைதானம் பாதி குளமாகக் கிடக்கும். பந்து தண்ணீரில் போய் நின்றுவிடும். அதைச் சுற்றி நாங்கள் தூக்கத்தில் நடப்பவர்களைப் போல மெதுவாகக் காலைத் துழாவிக்கொண்டிருப்போம். பையன்கள் போட்டுக் கழித்த மஞ்சள் ஜெர்சிதான் எங்களுக்கு. என் முழங்கால் வரை வரும், நனைந்தால் இன்னும் நீளும். அதற்குள் நான் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன்.

நான்தான் கேப்டன். ஆட்டத் திறமைக்காக இல்லை. மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக ஆபீஸ் போகும் குடும்பம் எங்களுடையது. ஆங்கிலத்தில் லெட்டர் எழுத வரும், யாரிடமும் போய்ப் பேச வரும், அதனால் கிடைத்த பதவி. நிஜமாக ஆடத் தெரிந்தவள் எங்கள் கோல்கீப்பர். தாராவிப் பெண். அவள் வாப்பா பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். மற்றவர்கள் இந்தியிலும் மராத்தியிலும் கத்தும் மைதானத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் தமிழில் சண்டை போட்டுக்கொள்வோம். அவள் தமிழைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். என் தமிழைக் கேட்டால் அவளுக்கு வரும்.

லீக்கில் ஐந்து ஆட்டங்கள். நான்கில் தோற்றிருந்தோம். ஐந்தாவதற்கு முன் ஸ்போர்ட்ஸ் சார் எங்களைக் கூப்பிட்டார். கடைசி மேட்சை டிரா செய்து ஒரே ஒரு பாயிண்ட் கொண்டுவந்தால்கூட அடுத்த வருடமும் பெண்கள் டீம் உண்டு, அதுவும் இல்லையென்றால் பிரின்சிபாலிடம் போய் நிற்கத் தன்னால் முடியாது என்றார். நல்ல மனிதர். எங்கள் முகத்தைப் பார்க்காமல், பந்துக்குக் காற்றடித்துக்கொண்டே சொன்னார்.

மேட்ச் விக்ரோலியில், மாலை நான்கு மணிக்கு. எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் ஸ்லோ வண்டியில் எல்லாரும் போய்விடலாம் என்றாள் கோல்கீப்பர். எனக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. மாட்டுங்கா ஸ்டேஷனில் ஃபாஸ்ட் வண்டி நிற்காது. அதனால் ஒரு ஸ்டேஷன் பின்னால் தாதருக்குப் போய், அங்கே ஃபாஸ்ட் பிடித்து, ஸ்லோவில் போகிறவர்களுக்கு முன்னால் போய் இறங்குவது எங்கள் பேட்டைக்காரர்களின் பரம்பரைக் கெட்டிக்காரத்தனம். அப்பா முப்பது வருடமாகச் செய்வது. மாட்டுங்காவில் இருந்த மூன்று பேரையும் அழைத்துக்கொண்டு நான் தாதருக்குப் போனேன். மழையில் அன்றைக்கு ஃபாஸ்ட் அரை மணி நேரம் தாமதமாக வந்தது.

அப்பாவின் ஃபாஸ்ட் விக்ரோலியில் நிற்கும். எல்லா ஃபாஸ்ட்டும் நிற்காது என்பது எனக்குத் தெரியாது. காட்கோபர் தாண்டியதும் கதவருகே வந்து நின்றோம். லேடீஸ் டப்பாவில் கிளிப் விற்றுக்கொண்டிருந்த பெண், எங்கே இறங்க வேண்டும் என்று இந்தியில் கேட்டு, பதிலைக் கேட்டதும் உதட்டைப் பிதுக்கினாள். வண்டி வேகம் குறையாமல் விக்ரோலியைக் கடந்தது. மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தண்டவாளத்தை ஒட்டிய மதில் ஓர் இடத்தில் இடிந்திருந்தது, அந்த இடைவெளியில் மைதானம் தெரிந்தது. பச்சைப் புல்லில் மஞ்சளாக ஏழு பேர். ஆட்டம் தொடங்கிவிட்டிருந்தது. கோல்கீப்பர் கையைத் தூக்கி எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று விநாடிகூட இருக்காது. என் டீமை நான் இல்லாமல் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அடுத்து தாணேயில்தான் நின்றது. இறங்கி, எதிர்ப் பக்க ஸ்லோவுக்குக் காத்திருந்து, மைதானத்துக்குள் ஓடியபோது ஆட்டம் முடியப் பதினைந்து நிமிடம் இருந்தது. கோல் ஏதும் விழவில்லை. குறைந்தது ஏழு பேர் இருந்தால் ஆடலாம் என்ற விதியைப் பிடித்துக்கொண்டு அவர்கள் அதுவரை ஆடியிருந்தார்கள்.

கோட்டுக்கு வெளியே நின்று ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே பார்த்தேன். கோலுக்கு முன்னால் ஆறு பேர். ஒருத்தி பந்தை நோக்கி நகர்ந்தால் பக்கத்திலிருப்பவள் அவள் விட்ட இடத்துக்கு வருவாள், அவள் இடத்துக்கு இன்னொருத்தி. யாரும் கத்தவில்லை. எதிர் டீமின் பதினொரு பேரும் அலுத்துப்போய்த் தூரத்திலிருந்தே அடித்தார்கள். அடித்ததையெல்லாம் கோல்கீப்பர் கொடியில் காயும் துணியை எடுப்பதுபோல நிதானமாக எடுத்தாள். எங்களுக்கு இப்படி ஆட வருமா?

ரெஃப்ரி பட்டியலில் பெயரைச் சரிபார்த்து எங்கள் நால்வரையும் உள்ளே விட்டார். பதினொரு பேர் ஆகிவிட்டோம், இனி ஜெயித்தேவிடலாம் என்று நினைத்தேன். தேவைப்பட்டது ஒரே ஒரு பாயிண்ட். அது கையில் இருந்தது. நான் கேப்டனாயிற்றே, ஒருத்தியை முன்னால் போகச் சொன்னேன், இன்னொருத்தியை ஓரத்துக்குத் துரத்தினேன். அவர்களும் கேட்டார்கள். ஒவ்வொருவரும் ஓடுவதற்கு முன் ஒரு நொடி என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அந்த ஒரு நொடியில்தான் நடுவில் திறந்து கிடந்த வழியாகப் பந்து போனது. கோல்கீப்பர் விழுந்த பக்கம் சரியான பக்கம்தான், விரல்நுனியில் பட்டு உள்ளே போயிற்று. உள்ளதும் போச்சு நொள்ளைக் கண்ணா என்று அம்மா சொல்வாள், அதுதான் நடந்தது.

விசில் ஊதிய பிறகு யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குழாயடியில் முழங்கைச் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்த கோல்கீப்பரிடம் போய், தப்பான வண்டியில் ஏறியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் தண்ணீரை நிறுத்தவில்லை.

"ஏட்டி, வண்டி மாறி ஏறுனதுக்கு யாரும் ஒண்ணும் சொல்லல. லேட்டா வந்தவ ரெண்டு நிமிசம் வெளிய நின்னு பாத்துருக்கலாம்லா? நாங்க எப்படி ஆடிக்கிட்டு இருந்தோம்னு நீ பாக்கவே இல்ல."

பார்த்தேன். ரயிலிலிருந்தும் பார்த்தேன், கோட்டுக்கு வெளியே நின்றும் பார்த்தேன். அவ்வளவு அழகாக இருந்ததால்தான் அதற்குள் நானும் இருக்க வேண்டும் என்று ஓடினேன். அதை அன்றைக்கு அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த ஜூலையில் சொல்லியிருப்பேன். அப்போது டீம் இல்லை.