நாலு மாத இடைவெளி

காலையில் பேப்பரில் ஒரு துணுக்கு பார்த்தேன். இளைஞர் கால்பந்து அணிக்கு ஆள் எடுக்கும்போது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து வயதைக் கண்டுபிடிக்கிறார்களாம். படித்ததும் பேப்பரை மடித்துத் தலையணைக்கு அடியில் ஒளித்துவிட்டேன். பந்தை ஒருநாளும் உதைத்திராத எனக்கு எதற்குப் பயம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

பந்து என்றாலே எனக்கு விளக்கெண்ணெய் வாசனைதான். தோல் வெடிக்காமல் இருக்க அண்ணன் பந்துக்கு எண்ணெய் தேய்த்து வைப்பான். என் தலைக்கு எடுக்கப் போனால் பாட்டில் காலியாக இருக்கும். "அதுக்கு சடையும் பின்னி வுடேன்டா" என்பாள் அம்மா. உத்திரமேரூர் ஏரி வற்றிய மாதங்களில் ஏரிக்குள்தான் ஆட்டம். வெடித்த களிமண்ணில் பந்து எந்தப் பக்கம் எகிறும் என்பது அண்ணனுக்கு மட்டும் எப்படியோ தெரியும்.

எழுபத்து நாலில் நம் இளைஞர் அணி ஆசியக் கோப்பையை ஈரானோடு பகிர்ந்துகொண்டது. பாதியாக அறுத்துக் கொடுப்பார்களா என்று கேட்டு அண்ணனிடம் குட்டு வாங்கினேன். இரண்டு வருடம் கழித்து அதே அணிக்கான முகாமுக்கு அவனையே கூப்பிட்டார்கள். அங்கேதான் வந்தது வினை.

அவனைப் பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார். அப்போது அதுதான் வயதுக்கு அத்தாட்சி. தொட்டதும் ஐந்து வயது என்று ஜூலை ஒன்றாம் தேதியைப் போட்டார். உண்மையில் அவனுக்கு ஏழு. நானோ ஆஸ்பத்திரியில் பிறந்து, சரியான தேதியோடு பெண்கள் பள்ளியில் சேர்ந்தவள். காகிதத்தில் எங்களுக்குள் நாலே மாத இடைவெளி. ஒரே வயிற்றில் எப்படி என்று அதுவரை யாரும் கேட்கவில்லை.

அண்ணன் மெட்ராசில் பயிற்சியில் இருந்தபோது, ஒரு காலையில் அவனுடைய டிரில் மாஸ்டர் சைக்கிளில் இரைக்க இரைக்க வந்தார்.

"வயசு விசாரிக்க ஆளு வந்துக்கினு கீறாரு. பொய்னு தெரிஞ்சா ஆயுசுக்கும் ஆட்டம் கெடையாது. பாப்பாவ எங்கனா அனுப்புங்க!"

நைனா என்னைப் பார்த்தார். ஜெயிலுக்குப் போகப்போவது நான்தான் என்று நினைத்தேன். கொல்லைப் பக்கம் ஓட எழுந்தேன். அதற்குள் வாசலில் ஒரு கறுப்புக் குடை மடங்கியது.

வந்தவர் நல்ல மாதிரியாகத்தான் இருந்தார். "பையன் எப்பம்மா பொறந்தான்?"

"ஜூலை ஒண்ணு சார்" என்றாள் அம்மா.

"இந்த ஜில்லாவுல ஜூன் ஒண்ணு, ஜூலை ஒண்ணு தவிர மத்த நாள்ல யாரும் புள்ள பெத்துக்க மாட்டீங்களா?"

அவர் மட்டும் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இது யாரு, தங்கச்சியா? வயசென்ன?"

அம்மாதான் சொன்னாள்: "எங்க மூத்தாரு பொண்ணு சார். லீவுக்கு வந்துகீது."

அந்த நிமிஷத்திலிருந்து நான் பெரியப்பா மகள்.

"அப்படியா? சித்திகிட்ட கொஞ்சம் மோர் வாங்கிட்டு வாம்மா."

சோதித்தாரா, தாகமா, இன்றுவரை தெரியாது. நான் அம்மாவின் முகத்தைப் பார்த்து, "சித்தி, மோர் கேக்கறாரு" என்றேன். அம்மா உறியிலிருந்து சட்டியை இறக்கியபோது பாதி மோர் தரையில் கொட்டியது.

குடித்தார், ஏதோ எழுதினார், போனார். அடுப்பங்கரையில் அம்மா என் சடையைப் பிடித்து நிறுத்தினாள். "ஒரு தபா அம்மான்னு கூப்டுடி." அவர் இன்னும் தெருவில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாரோ என்று எனக்கு நடுக்கம். வாயைப் பொத்திக்கொண்டு மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். சடையை விட்டுவிட்டாள்.

அப்புறம் பல மாதம், தபால்காரர் மணி கேட்டாலே நெல் குதிருக்குப் பின்னால் போய் நிற்பேன். கடைசியில் அண்ணன் பெயர் பட்டியலிலேயே வரவில்லை. வயதால் இல்லை. இடது கால் போதாதாம். அந்த அணி கோப்பை இல்லாமல் திரும்பியது. அதற்குப் பின் இன்றுவரை வாங்கவும் இல்லை. எல்லாம் தன் பிள்ளையைச் சேர்க்காததால்தான் என்று அம்மா கடைசிவரை நம்பினாள்.

அண்ணனிடம் அந்த மோர் விஷயத்தை நாங்கள் யாரும் சொல்லவில்லை. நைனா போனார், மாஸ்டரும் போனார். அம்மா படுக்கையில் கிடந்த நாட்களில் நான் காரணமே இல்லாமல் "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"எத்தினி தபாடி கூப்டுவ? காது கேக்குது" என்று அதட்டினாள்.

இப்போது ஏரிக்குள் முள் மண்டி ஆட்டமும் இல்லை. அப்படி அதட்ட வீட்டில் ஆளும் இல்லை.