எங்க ஐயரைத் தேடி ஏலமலைக்கு

காலை ஆறரை மணிக்குப் போடி பஸ் நிலையத்துக்கு வெளியே குரங்கணி ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகம் வந்தது. மகள் செல்வி வீட்டில் இருக்கிறாள், பார்த்துக்கொள்வாள். ஆனால் நாளைக்கு இந்நேரம் அவளும் இருக்க மாட்டாள் என்று நினைத்ததும் அடுப்புக் கவலை போய் இந்தக் கவலை வந்து உட்கார்ந்துகொண்டது.

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஆவணி மாதம் அது. நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இந்த மலைக்குப் போகாதவர்களுக்காக, கண்டதை எனக்கு வந்தபடி எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் போடியில் சபைப் போதகர். எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லுவேன். ஞாயிறு காலை போடியில் ஆராதனை, மத்தியானம் ராசிங்காபுரம், சாயங்காலம் தேவாரம். காய்ச்சல்காரர், குடிகாரப் புருஷனை விட்டு வந்தவள், மனு எழுத ஆள் தேடுகிறவர் எல்லாரும் எங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் வரிசையாக நிற்க, ஒவ்வொரு தலையிலும் கை வைத்து ஜெபிப்பார். செல்வி பரீட்சைக்குப் போன அன்று அவர் தேவாரத்தில் ஒரு சாவு வீட்டில் இருந்தார்.

மூன்று நாள் சோலி என்று ஏலத்தோட்டத்துக்கு ஏறியவர், ஒரு வாரமாகியும் இறங்கவில்லை. செல்வி மறுநாள் முதல் பஸ்சில் மதுரைக்கு நர்சு படிக்கப் போகிறாள். அவள் கேட்டது ஒன்றுதான். "அப்பா கைய வச்சு ஒரு ஜெபம் பண்ணிட்டாப் போதும்மா, போயிருவேன்." அதனால்தான் கிளம்பினேன், எப்படியாவது ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட.

குரங்கணி சுமார் பத்து மைல். ஆளுக்கு இரண்டு ரூபாய். அரிசி மூட்டைக்கு மேல் உட்கார்ந்தாலும் அதே இரண்டு ரூபாய்தான். முந்தல் ஊரில், மலை மேட்டுக்குப் போகும் பெரிய ரோட்டை விட்டுப் பிரிந்ததும் மாந்தோப்பு, இலவ மரம், பக்கத்திலேயே ஆற்றின் சத்தம். டிரைவர் சன்னாசி என்னைவிட இளையவர்.

"மேல என்ன சோலிக்கா?"

"எங்க ஐயரப் பாக்கப் போறேன் தம்பி."

அவர் வண்டியை மெதுவாக்கினார். "ஐயரையா? அவரத்தேன் நேத்தே கீழ கொண்டாந்துட்டாகளே! நெஞ்சப் பிடிச்சிக்கிட்டுச் சாஞ்சிட்டாரு. கட்டில்ல வச்சுத் தூக்கியாந்து, என் வண்டியிலதேன் ஏத்துனாக. உங்களுக்குச் சொல்லலையா?"

எனக்குக் காது அடைத்துவிட்டது. "வண்டியத் திருப்பு தம்பி, வெரசாத் திருப்பு" என்றேன்.

"இருங்கக்கா. பெரியாஸ்பத்திரியில போயி எப்பிடித் தேடுவீக? பேரச் சொல்லுங்க, வார்டுல கேக்கணும்ல."

பேரை எப்படிச் சொல்வது? கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பேர் என் வாயில் வந்ததில்லை. பேராக மட்டும் அல்ல, சாதாரணச் சொல்லாகக்கூட வந்ததில்லை. கோயில் பாட்டில் அந்தச் சொல் வந்தால் வாயை மூடிக்கொண்டு அடுத்த வரியில் சேர்ந்துகொள்வேன்.

"துக்கத்துக்கு எதிர்ச்சொல்லு தம்பி" என்றேன்.

"துக்கமா? அட, ஆளு உசுரோடத்தேன் இருக்காருக்கா!"

பின்னால் வெற்றிலைக் கூடையோடு இருந்த ஒரு அம்மா குலுங்கிச் சிரித்தார். "ஏலே சன்னாசி, புருசன் பேரச் சொல்ல மாட்டாகடா. கூறு கெட்டவனே. நீ சொல்லு ஆத்தா, சிரிப்பா?"

"அதுக்கும் மேல."

"ஆனந்தமா?"

"அதுக்குப் பக்கத்துல."

"கிட்ட வந்துட்டோம். கொண்டாட்டமா?"

"அப்பிடி ஒரு பேரு இருக்கா, கெழவி?" என்று சன்னாசி வைதார்.

கண்ணை மூடிக்கொண்டேன். "சந்தோஷம்" என்றேன். இப்போது எழுதும்போதுகூடக் கை கூசுகிறது.

"அட, வேதக்கார ஐயரா! நம்ம சந்தோசமையா! முந்தாநேத்து அவருக்கு ஒரு லோடு தகரம் இறக்குனேன், கல்லுக் கணக்கா நிக்கிறாரு. சாஞ்சது காப்பிக் கடை ஐயரு, அக்கா! நீங்க அந்த மாமி மாதிரியும் தெரியலையேன்னுதேன் நானும் முழிச்சிக்கிட்டு வந்தேன்."

உயிர் வந்தது. வந்த கையோடு, காப்பிக் கடைக்காரரின் வீட்டம்மா ஆஸ்பத்திரியில் எப்படி உட்கார்ந்திருக்கிறாரோ என்று நினைப்பு ஓடியது. அவருக்காகவும் ஜெபித்துக்கொண்டே போனேன்.

எட்டு மணிக்குக் குரங்கணி. அங்கிருந்து தோட்டத்துக்கு மூன்று மைல், நடைதான். சன்னாசியிடம் ஏதோ கேட்டுச் சிரித்த கழுதைக்காரர், அரிசி ஏற்றிய கோவேறு கழுதைகளோடு முன்னால் போனார். அட்டை ஏறாமலிருக்கக் காலில் சோப்பைத் தேய்த்துக்கொண்டேன். அப்படியும் இரண்டு ஏறிவிட்டன. சாரல் விடவில்லை. ஏலக்காய் உலர்த்தும் கொட்டகையின் வாசம் வந்ததும் ஊர் நெருங்கிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

பதினோரு மணி இருக்கும். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில் காற்று ஐந்து வீட்டுக் கூரையைப் பிடுங்கிப் போட்டிருந்தது. நாலில் புதுத் தகரம் ஏறியிருந்தது. ஐந்தாவது வீட்டின் கூரைச் சட்டத்தில் வேட்டியை மடித்துக் கட்டி, சுத்தியலோடு ஒருவர் நின்றார். எங்கள் ஐயர்தான். தாடி வளர்ந்து, தோள் எலும்பு தெரிந்தது.

"வா எஸ்தரு. எம் பேரச் சொன்னியாமே? கழுதக்காரர் வந்து மலை பூராவும் சொல்லிட்டாரு" என்று மேலிருந்தே சிரித்தார். "எங்க, இன்னொரு தரம் சொல்லு."

"செல்வி நாளைக் காலையில போறா" என்றேன்.

சிரிப்பு நின்றது. "நாளான்னைக்குல்ல போறா?"

"நாளைக்கி."

இறங்கி வந்து சுத்தியலைக் கீழே வைத்தார். மலையில் கிழமை தப்பிப்போயிருக்கிறது. துண்டை எடுத்துத் தோளில் போட்டு, "வர்றேன், வா" என்றார்.

நான் அப்போதுதான் உள்ளே பார்த்தேன். கூரையில்லாத அந்த வீட்டின் மூலையில், சாக்குப் படுதாவுக்கு அடியில் ஒரு பிள்ளை பெற்றவள். குழந்தை பிறந்து நாலைந்து நாள் இருக்கும். படுதாவிலிருந்து சொட்டுகிற தண்ணீரை உள்ளங்கையில் பிடித்துப் பிடித்து வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள். மேலே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

இத்தனை தூரம் இவரைக் கூட்டிப் போக வந்தவள் நான். "இந்த வீட்டை முடிச்சிட்டு வாங்க" என்றதும் நான்தான்.

"அப்ப செல்வி?" என்றார்.

தோளில் போட்ட துண்டை எடுத்துச் சுவரில் போட்டார். பிறகு ஈரக் கையை வேட்டியில் துடைத்து, இரண்டு கையையும் என் தலையில் வைத்தார். வீட்டில் அவர் எல்லாருக்கும் ஜெபிக்கிறபோது நான் அடுப்படியில் காப்பி போட்டுக்கொண்டிருப்பேன். அந்தக் கையின் கனம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. முடித்துவிட்டு, "இத அப்பிடியே கொண்டு போயி அவளுக்குக் குடு" என்றார்.

பால் இல்லாத ஒரு கட்டங்காப்பி குடித்துவிட்டுத் திரும்பி நடந்தேன். சுத்தியல் சத்தம் ரொம்பத் தூரம் கூட வந்தது. இறக்கத்தில் ஒரு வளைவு திரும்பியதும் நின்றுவிட்டது. இறங்கி வருகிறாரோ என்று நின்று பார்த்தேன். கையிலிருந்த ஆணி தீர்ந்து வேறு எடுத்திருப்பார்; மறுபடியும் சத்தம் கேட்டது.

சாயங்காலம் போடியில் இறங்கியபோது மழை இல்லை. மலை மட்டும் மேகத்துக்குள் இருந்தது. தினமும் கொடியில் துணி எடுக்கும்போது பார்க்கிற மலைதான். வீட்டில் அடுப்பு அணைந்துதான் இருந்தது. செல்வி டிரங்குப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா வரலையாம்மா?"

லயத்தையும் மழையையும் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். அவள் போதகர் வீட்டுப் பிள்ளை. முழங்காலிடச் சொல்லி அவள் தலையில் என் இரண்டு கையையும் வைத்தேன். அவரைப் போல எனக்கு வார்த்தை வராது. வழியெல்லாம் யோசித்து வைத்ததும் மறந்துபோயிற்று. "சந்தோஷமாப் போயிட்டு வா தாயி" என்று மட்டும் வந்தது.

அந்தச் சொல்லை அவள் என் வாயால் கேட்டதே இல்லை. அவர்தான் வந்துவிட்டார் என்று நினைத்தாளோ என்னவோ, சட்டென்று தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தாள்.

நானும் பார்த்தேன்.